கரையானின் பக்கம்

காலை எட்டுக்கு மீனறையில் விளக்குகள் தாமாக எரியும்.
ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இரவெல்லாம் நின்ற
பிளாஸ்டிக் தடுப்பை உருவ வேண்டும், அவ்வளவுதான்.
இருபது நிமிடத்தில் தொட்டியடியில் முட்டைகள்,
ஊறாத ஜவ்வரிசியிலும் சிறியவை,
உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும்.
முப்பத்தோரு வருடம் இதைத்தான் செய்தேன்,
ஹாலிஃபாக்ஸில், துறைமுகத்தின் மூடுபனிச் சங்கு
சன்னலில் வந்து மோதும் மூன்றாவது மாடியில்.

முதுகோரம் பிறக்கும் சில செல்கள்
ஒரு கட்டத்தில் பக்கத்துக் கையை விட்டுவிட்டு
நடக்கத் தொடங்கும்.
ஒன்று தாடையாகும். ஒன்று நரம்பாகும்.
ஒன்று தோலுக்கு வந்து கறுப்புக் கோடாகும்.
'கிளம்பு' என்று சொல்லும் ஜீன்களில் ஒன்றுக்கு
பெட்டியின் எண்ணையே பெயராக வைத்தோம்:
நாற்பத்தொன்று.

இங்கே இந்த நோய்க்கு நண்டின் பெயர்.
நண்டு விற்கும் ஊரில் இருந்தும்
எனக்கு அது ஒட்டவில்லை.
நண்டு வெளியிலிருந்து வந்து கவ்வும்.
புற்று, யாரோ எச்சிலில் மண் குழைத்துக் கட்டியது.
கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்று
ஒரு கூட்டத்தில் சொல்லி வைத்தேன்.
மொழிபெயர்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.
மார்கெரித் கோமோ மட்டும் கேட்டாள்:
"அப்போ நாம் படிப்பது பாம்பையா, கரையானையா?"

கரையானை.
நாற்பத்தொன்றை வெட்டி எடுத்தோம்.
மீன்கள் நீந்தின, தின்றன, பெருகின.
நான்கு வருடம் அப்படியே.
நிதிக்குழுவின் வரி இன்றும் மனப்பாடம்:
'சுவையானது; அவசரமற்றது.'

பிறகு ஒரு பிப்ரவரியில் பனிப்புயல். மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் எங்கள் அறையை மட்டும் மறந்தது.
முழங்கால் பனியில் நடந்து வந்த மார்கெரித்
தொட்டிகளைப் போர்வையால் சுற்றினாள்.
நீர் இருபத்தோரு டிகிரிக்கு இறங்கியிருந்தது.
எல்லாவற்றையும் கொட்டிவிடு என்றேன் தொலைபேசியில்.
அவள் கொட்டவில்லை.
ஆறாம் நாள் நுண்ணோக்கியில்,
நாற்பத்தொன்று இல்லாத குஞ்சுகளின் முதுகில்
கறுப்புப் புள்ளிகள் ஓரடி நகராமல்
வரிசையாக நின்றன,
பேருந்து வராத நிறுத்தத்தில் போல.
இல்லாததன் இடம் குளிரில்தான் தெரிந்தது.

நாங்கள் எழுதி அனுப்பிய பதினோராம் நாள்
மெல்போர்னிலிருந்து வேறொருவர் கட்டுரை.
அதே ஜீன். அழகான பெயர் வேறு.
கருநாகம், கருநாகம் என்று ஒரு வாரம் திட்டினேன்.
பிறகு அவர்களின் ஆறாவது படத்தைப் பார்த்தேன்.
குழந்தைகளின் நரம்புக் கட்டியில்
நாற்பத்தொன்று விழித்திருந்தது,
யாரும் கிளம்ப வேண்டியிராத வயதில்
கிளம்பு, கிளம்பு என்றபடி.
வாழ்த்து அனுப்பினேன். மூன்று வரி. பல் கடித்துத்தான்.

அந்தக் கட்டிகளில் ஒன்று எங்களிடமும் வந்தது:
'ஆண், மூன்று வயது', ஓர் எண்.
நன்கொடையாளர் நாளில் லூனன்பர்கிலிருந்து ஒரு பெண்,
நனைந்த கோட்டைக் கழற்றாமல் கேட்டாள்.
மகனும் ஒரு துண்டு கொடுத்திருந்தானாம்.
எந்தக் குப்பி என்று எனக்குத் தெரியாது,
தெரிந்தாலும் சொல்லக் கூடாது.
"இன்னும் வளர்கின்றனவா?"
வளர்கின்றன.
"எவ்வளவு வேகமாக?"
இருபத்தேழு மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்றேன்.
"அவனும் ஓரிடத்தில் உட்காரவே மாட்டான்" என்று சிரித்தாள்.
நான் அடுத்த வரைபடத்தைக் காட்டினேன்.
வேறென்ன காட்டுவது.

மருந்து இரண்டாம் கட்டத்தில் நின்றது.
எலிகள் பிழைத்தன. குழந்தைகளில் சிலர்.
'சிலர்' என்பது புள்ளியியலில் செல்லாது.

இன்று நைட்ரஜன் தொட்டியைத் திறந்தேன்,
வெண்புகை மணிக்கட்டில் ஏறியது.
என் கையெழுத்தில் ஆறு குப்பிகள்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்: அழி, மாற்று.
ஆறையும் ஹிரோக்கோவின் பெயருக்கு மாற்றினேன்.
இடமில்லை என்று அவள் சொன்னாள்.
இடம் செய் என்றேன்.

கிளம்பும் முன் ஒரு தடுப்பை உருவினேன்.
எந்தச் சோதனைக்கும் வேண்டாத முட்டைகள்.
இருந்தாலும் சாவியைக் கையில் வைத்தபடி
இருபது நிமிடம் நின்றேன்.